வடக்கு மேடைக்கு எழுதிக்கொடுத்த ஓர்னெல்லா

மோந்தெலாரோவில் ஒரு கால்பந்துப் பயிற்சியாளரின் வேலை போகப்போகிறது என்பது அவருக்குத் தெரிவதற்கு முன்பே ஓர்னெல்லாவுக்குத் தெரிந்துவிடும். ரசிகர் கூட்டத்தை நடத்தும் ஃபுல்வியோ பழைய கட்டில் விரிப்பு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வருவான். "இந்த ஆளும் தேற மாட்டான்" என்பான். அவள் காரைத் தெருவில் நிறுத்திவிட்டு, கார் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் விரிப்பை இழுத்து விரித்து, மூலைக்கொரு செங்கல் வைத்து, தூரிகையோடு முழங்கால் போட்டு எழுத உட்காருவாள். ஞாயிற்றுக்கிழமை அந்தத் துணி மைதானத்தில் ரசிகர்கள் நிற்கும் வடக்கு மேடையில் தொங்கும். அந்த வாரம் முடிவதற்குள் பயிற்சியாளர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்குப் போவார்.

பகலில் அவள் ஷூ பட்டறையில் அடித்தோலுக்குப் பசை தடவுகிறவள். எழுத்து அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்தது அல்ல. புகையிலைக் கடைப் பலகையையும் மருந்துக்கடைப் பலகையையும் பார்த்துப் பார்த்துத் தானாகப் பழகிக்கொண்டது. எதிர்மேடையில் உட்கார்ந்திருக்கும் கிழவர் மழைத் தூறலிலும் மூக்குக்கண்ணாடியைத் துடைக்காமல் படிக்க வேண்டும். அவள் தனக்குத்தானே வைத்துக்கொண்ட விதி அது ஒன்றுதான். எழுத்துகளின் கால்கள் எல்லாம் ஒரே கோட்டில் ஊன்றி நிற்கும். வெளியூர் ரசிகர்கள்கூட, திட்டு தங்களுக்கே என்றாலும், போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள்.

துணியை அவள் வீணாக்கமாட்டாள். 'மூட்டையைக் கட்டு' என்று ஒரு பக்கம் எழுதினால், புது ஆள் வந்ததும் அதே துணியைத் திருப்பிப் போட்டு 'நல்வரவு மிஸ்டர்' என்று எழுதிவிடுவாள். பயிற்சியாளரை அந்த ஊரில் மிஸ்டர் என்றுதான் சொல்வார்கள். வந்த அன்று மரியாதையாகச் சொல்வார்கள். போகிற அன்று அதே சொல்லைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்கள்.

வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் பேருந்தில்தான் அவள் கணவனைச் சந்தித்தாள். பிற்பாடு அவன் வேறொருத்தியோடு கடற்கரைப் பக்கம் குடிபோய்விட்டான். அவன் போனதைவிட, அந்த வருஷம் அணி மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது என்று ஊரில் சொல்வார்கள். அவள் மறுத்ததில்லை. பிள்ளை இல்லை. கணவன் இல்லாத வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வடக்கு மேடை முழுக்க உறவாக இருந்தது. அங்கே அவளுக்கு என்று ஒரு இடம், மெகாபோன் பிடித்து நிற்கும் ஃபுல்வியோவுக்கு இடது பக்கம், கம்பியோரம். மழை பெய்தாலும் அந்த இடத்தில் வேறு யாரும் நிற்கமாட்டார்கள்.

ஒரு வருஷம் புது மிஸ்டராக எர்மான்னோ குவாரின் வந்தார். வடக்கே பனிமூட்டத்து ஊர்க்காரர், அதிகம் பேசாதவர். அவரும் மனைவி நீவெஸும் ஓர்னெல்லாவின் மாடியில் குடிவந்தார்கள். நீவெஸ் முடிதிருத்துகிறவள். கீழே பூட்டிக் கிடந்த கடையறையையும் சேர்த்து ஜூன் வரைக்கும் வாடகைக்குக் கேட்டாள்.

"எத்தனை ஊர்ல கடை போட்டிருக்கீங்க?" என்று ஓர்னெல்லா கேட்டாள்.

"போட்ட கடைய எண்ணாதீங்க. மூடுனத எண்ணுங்க" என்று நீவெஸ் சிரித்தாள். "ஒரு ஊர்ல வாடிக்கை சேர ஆறு மாசம் ஆகும். எனக்கு அஞ்சாவது மாசமே இவரைத் துரத்திடுவாங்க. ஒரே ஒரு தடவை, செப்டம்பர்ல தொறந்த கடைய நானே ஜூன்ல பூட்டிட்டு லீவுக்குப் போகணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"இந்த வருஷம் நடக்கும்" என்றாள் ஓர்னெல்லா. "வடக்கு மேடையில என் பேச்சுக்கு மதிப்பு உண்டு."

சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் சொன்னாள். நம்பியும் சொன்னாள். கடைக்குப் பெயர்ப்பலகையும் அவளே எழுதிக்கொடுத்தாள். நீலத்தில் வெள்ளை எழுத்து. காசு வாங்கவில்லை.

முதல் இரண்டு ஆட்டமும் வெற்றி. கடையில் உட்கார இடமில்லை. மோந்தெலாரோ பெண்களுக்குத் தலைமுடி அவ்வளவு வேகமாக வளரும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. ஃபுல்வியோவின் மனைவி மிரெல்லா வாரம் தவறாமல் வருவாள். தலையில் சாயத்தை அப்பிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தே அணியை மாற்றியமைப்பாள்.

"நீவெஸ் கண்ணு, உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லு. முன்னால ரெண்டு பேரப் போடச் சொல்லு. ஒருத்தன் பாவம், அனாதை மாதிரி நிக்கிறான்."

"சொல்றேன்."

"சொன்னா கேப்பாரா?"

"காலைல சட்டைய மாத்துங்கன்னா கேக்கறதில்ல. இதக் கேப்பாரா?"

"அதெல்லாம் படுக்கையில சொல்லணும்டீ" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு கிழவி சொல்ல, கடையே கொல்லென்று சிரித்தது.

பிறகு அணி தோற்றது. அடுத்த ஆட்டத்தில் டிரா. மறுபடி தோற்றது. கோல்காவலனுக்கு முழங்கால் வீங்கி, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் கோல் கம்பத்துக்குக் கீழே நின்றான். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் என்ன? சாயம் போட முன்பதிவு செய்திருந்தவள் ஜலதோஷம் என்று போன் செய்தாள். மறுநாள் இன்னொருத்திக்கு ஜலதோஷம். மூன்றாவது வாரத்தில் ஊரே தும்மிக்கொண்டிருந்தது. நீவெஸ் காலியான நாற்காலியில் தானே உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மிரெல்லா பக்கத்து ஊருக்குப் போய் முடி வெட்டிக்கொண்டு, தலையில் துணியைக் கட்டி மறைத்துக்கொண்டு, அந்தக் கடை வாசல் வழியாகவே நடந்துபோனாள்.

அக்டோபர் முடியவில்லை. ஃபுல்வியோ விரிப்போடு வந்துவிட்டான்.

"இன்னும் ரெண்டு ஆட்டம் பாக்கலாமே" என்றாள் ஓர்னெல்லா. "கோல்கீப்பரே இல்லாம அந்தாளு என்ன பண்ணுவாரு?"

ஃபுல்வியோ கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்று மாடியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"வாடகை ஒழுங்கா வருதாக்கும்."

"என்னடா சொன்ன?"

"நான் சொல்லல ஓர்னெ. மேடையில சொல்றாங்க. ஓர்னெல்லாவுக்கு இப்ப அணியவிட மாடிவீடு பெருசுங்கறாங்க."

முப்பது வருஷம் அந்தக் கம்பியோரம் நின்றவளுக்கு அது போதும். விரிப்பைப் பிடுங்கிக் கீழே போட்டாள். "என்ன எழுதணும், சொல்லித் தொலை."

அவன் சொன்னான். 'குவாரின், கடையை மூடு. மனைவியைக் கூட்டிக்கொண்டு போ.'

"பொம்பளைய எதுக்குடா இழுக்கற?"

"மைதானத்துல தொங்கப்போறது. அவ ஆட்டத்துக்கே வர்றதில்ல. படிக்கவா போறா?"

ஓர்னெல்லா எழுதினாள். வழக்கம்போல ஒழுங்காக எழுதினாள்.

துணி மைதானத்துக்குப் போகவில்லை. சனிக்கிழமை காலையில் நீவெஸ் கடையைத் திறக்கக் கீழே வந்தபோது, அவள் கடையின் இரும்புக் கதவை முழுக்க மூடிக்கொண்டு அது தொங்கியது. மேலே நீலப் பலகை, கீழே விரிப்பு. இரண்டிலும் ஒரே கையெழுத்து. படித்ததும் யாரிடமும் கேட்க வேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை. சன்னல் வழியாக ஓர்னெல்லா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வெளியே போகவில்லை. நீவெஸ் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கடையில் துண்டு மடிக்கிற மாதிரி விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து, ஓர்னெல்லாவின் வாசலில் வைத்துவிட்டு மேலே போய்விட்டாள். கத்தியிருக்கலாம். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அந்த மடிப்பைக் கலைக்காமலே ஓர்னெல்லா கொட்டகைக்குள் கொண்டுபோய் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி தோல்வி. செவ்வாய்க்கிழமை நாற்பது பேர் பயிற்சி மைதானத்துக்குப் போனார்கள். ஓர்னெல்லாவும் போனாள். போகாவிட்டால் மாடிவீட்டுக் கதை மறுபடி கிளம்பும். வேலிக் கதவு திறந்தே கிடந்தது. கிளப் தலைவர் ஸிலியோத்திக்குச் சொந்தமாக ஷூ தொழிற்சாலை இருக்கிறது. அங்கே ஒரு ஜோடி செருப்பு தொலைந்தால்கூட காவலாளிக்கு வேலை போகும். இங்கே நாற்பது பேர் வண்ணப் புகைக்குச்சியைக் கொளுத்திக்கொண்டு உள்ளே நுழைகிறார்கள், ஒரு காவலாளியைக் காணோம்.

குவாரின் தானே முன்னால் வந்தார். ஆட்டக்காரர்களைப் பின்னால் நிறுத்திவிட்டு வந்தார்.

"சொல்லுங்க" என்றார்.

"நாங்க என்ன சொல்றது மிஸ்டர்? நீங்கதான் சொல்லணும்" என்றான் ஃபுல்வியோ. "எப்பக் கிளம்பறீங்க?"

"தலைவர் சொன்னாக் கிளம்பறேன்."

"தலைவர் நாங்க சொன்னாச் சொல்லுவாரு." சொல்லிக்கொண்டே ஃபுல்வியோ கையை நீட்டி அவர் கன்னத்தில் தட்டினான். அடி அல்ல. பால் குடிக்காத குழந்தையைத் தட்டுகிற மாதிரி, மெதுவாக இரண்டு தட்டு. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குவாரினுக்கு ஐம்பத்தாறு வயது. அவர் அசையாமல் நின்றார். காது மட்டும் சிவந்தது. ஃபுல்வியோவின் கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததை ஓர்னெல்லா பார்த்தாள். வருகிற வழியில் எல்லோரும் பொரித்த ஒலிவக் காய் வாங்கித் தின்றிருந்தார்கள். அவளும் தின்றிருந்தாள்.

மாலையில் ஸிலியோத்தியின் அறிக்கை வந்தது. குவாரின் நீக்கப்பட்டார், ரசிகர்களின் குரலை மதித்து இந்த முடிவு என்று இருந்தது. நீவெஸும் குவாரினும் இரண்டு பெட்டியோடு போனார்கள். கடையைப் பூட்டி, நாற்காலி, கண்ணாடி, தலை கழுவும் தொட்டி எல்லாவற்றையும் உள்ளேயே விட்டுவிட்டுப் போனார்கள். ஜூன்வரைக்கும் மீதி வாடகையையும் கட்டிவிட்டே போனார்கள்.

அடுத்த மிஸ்டரையும் வடக்கு மேடையே தேர்ந்தெடுத்தது. ஸௌரோ பெலகல்லி முன்பு இந்த அணிக்கு ஆடியவர். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் பக்கத்து ஊருக்கு எதிராகக் கடைசி நிமிஷத்தில் தலையால் ஒரு கோல் போட்டார். அந்தத் தலையை நம்பி மூன்று நாள் அவர் பெயரைப் பாடினார்கள். ஸிலியோத்தி கொண்டுவந்து நிறுத்தினார். பெலகல்லிக்கு எல்லோரையும் கட்டிப்பிடிக்கத் தெரியும், ஆட்டத்துக்கு முன் கண்ணீர் விடத் தெரியும். பயிற்சி கொடுக்கத் தெரியாது. கிறிஸ்துமஸுக்கு முன்பே அணி பட்டியலின் அடியில் கிடந்தது. ஜனவரியில் அவரையும் சீட்டியடித்துத் துரத்தினார்கள்.

"நீதானேடா இந்தாளு வேணும்னே?" என்று ஓர்னெல்லா மதுக்கடையில் கேட்டாள்.

ஃபுல்வியோ சோம்பு மது ஊற்றிய காபியைக் கலக்கிக்கொண்டே நிமிர்ந்தான். முகத்தில் கள்ளமே இல்லை. "நானா? எப்ப? அது தலைவரோட முடிவு."

"நீ மெகாபோன்ல மூணு நாள் கத்தினியேடா."

"பாடறது வேற, முடிவெடுக்கறது வேற ஓர்னெ." கடையில் இருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒருவனுக்காவது வாய் கூசவில்லை.

மூன்றாவது ஆளுக்குக் கொடுக்க ஸிலியோத்தியிடம் பணம் இல்லை. நீக்கப்பட்ட மிஸ்டருக்கு ஒப்பந்தம் முடிகிறவரை சம்பளம் போய்க்கொண்டே இருக்கும். கிளப் கூப்பிட்டால் அவர் வந்தாக வேண்டும். வராவிட்டால் சம்பளம் நின்றுபோகும். அந்த நாட்டில் இது வருஷா வருஷம் எங்கேயாவது நடப்பதுதான். வேலையை விட்டுத் துரத்திய ஆளையே திரும்பக் கூப்பிடுவார்கள். குவாரினையே கூப்பிடுவது என்று முடிவானது. அவர் முறைத்துக்கொள்ளாமல் வரவேண்டும், அதற்கு ரசிகர்களே நேரில் போய் அழைத்தால் நன்றாக இருக்கும் என்று ஸிலியோத்தி சொல்லியனுப்பினார். காருக்குப் பெட்ரோலும் போட்டுக்கொடுத்தார்.

ஃபுல்வியோ, மிரெல்லா, ஓர்னெல்லா மூவரும் வடக்கே அவர் ஊருக்குக் கிளம்பினார்கள். மடியில் பொரித்த ஒலிவப் பெட்டி, ஒரு பெரிய பன்றித் தொத்திறைச்சி. வழி நெடுக மிரெல்லா பேசிக்கொண்டே வந்தாள். "நீவெஸ் நல்ல பொண்ணு. மனசுல வச்சுக்கமாட்டா."

கதவைத் திறந்தது நீவெஸ்தான். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. கதவை விட்டு நகரவும் இல்லை.

"நீவெஸ் கண்ணு! எளைச்சுட்டியே!" என்று மிரெல்லா கட்டிக்கொள்ளப் போனாள்.

"ஜலதோஷம் சரியாயிடுச்சா மிரெல்லா?" என்றாள் நீவெஸ்.

மிரெல்லாவின் கை பாதியில் நின்றது.

குவாரின் பின்னாலிருந்து கோட்டை மாட்டிக்கொண்டே வந்தார். ஃபுல்வியோ தொண்டையைச் செருமினான். "மிஸ்டர், ஊரே உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கு. நடந்தது நடந்துபோச்சு. அன்னிக்கும் அணி மேல இருந்த பாசத்துலதான்..."

"கிளப்லேர்ந்து தாள் வந்திடுச்சு" என்றார் குவாரின். "திங்கக்கெழமை வரேன். வரணும்னு எழுதியிருக்கு, வரேன். இதுக்கு நீங்க இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம்."

"நீவெஸும் வருவாங்கல்ல? கடை அப்படியே இருக்கு" என்றான் ஃபுல்வியோ.

நீவெஸ் அவனைப் பார்க்கவில்லை. ஓர்னெல்லாவைத்தான் பார்த்தாள்.

"கடைய மூடச் சொல்லி எழுதியிருந்துச்சு. மூடிட்டேன்."

திரும்பி வரும்போது நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தி, கொடுக்காமல் விட்ட ஒலிவக் காயை ஃபுல்வியோவும் மிரெல்லாவும் தின்றார்கள். ஆறிப்போய்ச் சவசவ என்றிருக்கும். "நல்லாத்தான் இருக்கு, சாப்பிடு" என்று பெட்டியை நீட்டினார்கள். ஓர்னெல்லா காரை விட்டு இறங்கவே இல்லை.

குவாரின் தனியாக வந்தார். வாடகை கட்டிய மாடிக்கு வராமல், குளிர்காலத்தில் ஆளில்லாத கடற்கரை விடுதி ஒன்றில் தங்கினார். முழங்கால் சரியான கோல்காவலனும் திரும்பி வந்துவிட்டான். முதல் ஆட்டத்திலேயே வெற்றி. ஆட்டம் முடிந்ததும் வடக்கு மேடை முழுக்க அவர் பெயரைப் பாடியது. மேடைக்குக் கீழே வந்து நிற்கச் சொல்லி ஃபுல்வியோ மெகாபோனில் கெஞ்சினான். வராமல் இருந்தால் அதுவும் குற்றம். அவர் வந்தார். நிமிர்ந்து பார்த்து மூன்று முறை கை தட்டினார். யாரோ கணக்குப் போட்டுக் கொடுத்த மாதிரி மூன்று. திரும்பி நடந்தார். "பாத்தியா, மன்னிச்சுட்டாரு!" என்று ஃபுல்வியோ அழுதான். உண்மையாகவே அழுதான். ஓர்னெல்லாவுக்கு அதுதான் தாங்கவில்லை. பொய்யழுகையாக இருந்திருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பாள்.

மறுநாள் அவன் புது விரிப்போடு வந்தான். இந்தத் தடவை கடைக்குப் போய் வாங்கியது, மடிப்புக் கலையாதது. "'மிஸ்டர், இதுதான் உங்கள் வீடு.' இதத்தான் எழுதணும்."

"நீயே எழுதிக்க."

"எனக்கு எழுத வராதே."

"மூணு நாள் பாட வந்துச்சே. கன்னத்துல தட்ட வந்துச்சே. எழுதவும் வரும், முயற்சி பண்ணு."

"இப்ப என்ன ஆச்சுன்னு மொறைக்கற? நல்லதுதானே நடக்குது!"

அவள் கொட்டகைக் கதவை இழுத்து மூடினாள். அவனே எழுதியது அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொங்கியது. ஆரம்பத்தில் யானை போல எழுத்து, இடம் போதாமல் போய்க் கடைசியில் எறும்பாகிவிட்டது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அவள் கம்பியோரத்தில் நின்றாள், வாயைத் திறக்கவில்லை.

அணி ஜெயிக்க ஜெயிக்க, பெண்கள் அவளைத் தெருவில் நிறுத்திக் கேட்டார்கள். கடை எப்போது திறக்கும்? நீவெஸ் எப்போது வருவாள்? இந்தப் பக்கம் அவள் போல யாருக்கு வெட்ட வருகிறது? அக்டோபரில் தும்மிய அதே மூக்குகள். ஒருத்தி கடையின் கதவிடுக்கில் 'ஈஸ்டருக்கு எனக்கு முன்பதிவு' என்று சீட்டுகூடச் செருகிவைத்திருந்தாள். ஓர்னெல்லா அதைக் கிழித்துப் போட்டாள்.

கடைசி ஆட்டம் மே மாதம். ஜெயித்தால் அணி கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பிக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர்னெல்லா பட்டறையிலிருந்து வேன் ஒன்றைக் கேட்டு வாங்கினாள். நாற்காலிகளைத் தூக்கி ஏற்றினாள். கண்ணாடியைக் கம்பளியில் சுற்றினாள். தலை கழுவும் தொட்டியைக் கழற்ற ஒரு குழாய்க்காரனைக் கூப்பிட்டாள். அவன் மைதானத்துக்குப் போகும் அவசரத்தில் திட்டிக்கொண்டே கழற்றினான். கழுத்தில் அணியின் துண்டு.

"இன்னிக்கா இதச் செய்யணும்? உனக்குப் பித்தா ஓர்னெ?"

"ஆமா."

நீவெஸின் ஊருக்குப் போய்ச் சேரும்போது ஆட்டம் தொடங்கியிருக்கும். வேனில் ரேடியோ இருந்தது. அவள் போடவில்லை. நீவெஸ் கீழே இறங்கி வந்து, பின்கதவைத் திறந்து, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"தொட்டியோட ரப்பர் குழாயக் காணோம்" என்றாள்.

"அவசரத்துல விட்டுட்டான் போலிருக்கு. அனுப்பறேன்."

"வேண்டாம். இங்க வாங்கிக்கறேன். சந்தைக்குப் பக்கத்துல ஒரு அறை பாத்திருக்கேன். சின்னது. இனி இவரு எந்த ஊருக்குப் போனாலும் கடை இங்கதான்."

இருவரும் நாற்காலியை இறக்கினார்கள். இரண்டாவது நாற்காலியை இறக்கும்போது ஓர்னெல்லா சொல்லிவிட்டாள். "அந்தத் துணி... மைதானத்துக்குன்னு சொல்லித்தான் வாங்கிட்டுப் போனாங்க."

நீவெஸ் நாற்காலியின் காலை ஆட்டிப் பார்த்தாள். "மைதானத்துல தொங்கியிருந்தாச் சரியா?"

ஓர்னெல்லா கம்பளி சுற்றிய கண்ணாடியை இறக்கப் போனாள். நீவெஸ் பதிலுக்குக் காத்திருக்காமல் மறுபக்கம் பிடித்தாள்.

தொட்டியை இறக்கப் போகும்போது போன் அடித்தது. ஃபுல்வியோ. எடுத்ததுமே அலறல். "தப்பிச்சுட்டோம் ஓர்னெ! ரெண்டு கோல்! எங்க போய்த் தொலைஞ்ச நீ? கேளு, கேளு!" போனைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினான் போலிருக்கிறது. குவாரின், குவாரின் என்று ஆயிரம் தொண்டை. தெருவில் நின்றிருந்த நீவெஸுக்கும் அது கேட்டது. அவள் தோளில் கிடந்த துண்டால் நாற்காலித் தோலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பது நின்றது, மறுபடி தொடங்கியது.

"அக்டோபர்லயும் தெருவுல இதே மாதிரிதான் இழுத்துச் சொன்னாங்க அந்தப் பேர" என்றாள்.

ஃபுல்வியோ மறுபடி போனை வாயருகே கொண்டுவந்தான். "தலைவர் மிஸ்டர இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்லிக் கேக்கப்போறாராம்! மிஸ்டருக்கு வீடு வேணும்ல? விடுதியில எத்தனை நாள் கெடப்பாரு, பாவம்! உன் மாடி காலியாத்தானே இருக்கு?"

ஓர்னெல்லா நீவெஸைப் பார்த்தாள். நீவெஸ் தலையை அசைக்கவில்லை. உதவிக்கு வரவும் இல்லை.

"காலி இல்ல" என்றாள் ஓர்னெல்லா.

"யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. ஆனா உங்களுக்குக் காலி இல்ல."

அவன் ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டாள். தொட்டியின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை நீவெஸ் பிடித்தாள். கனமாகத்தான் இருந்தது.